கண்ணாடி மாவு போட்ட கல்

ஏப்ரல் 3, புதன்

காலை ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. நாளைக்கு வருமாம். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

மிளகாய் மில் வந்து இறங்கிவிட்டது. பாலவனத்தத்தில் மூடிப்போன மில், மெஷின் மட்டும் நமக்கு. கரண்ட் கொடுத்து ஓட்டியதும் நம் கல் யார்டே தும்மியது. நான், இவர், மெஷின் ஓட்டும் சோலை, வாசலில் படுத்திருந்த நாய். உள்ளே எத்தனை வருஷத்து வத்தலோ.

இனி அதில் அரைபடப் போவது பாட்டில். பழைய இரும்புக் கடைக்காரர்கூடத் தொடாத உடைசல். அதை மாவாக்கி, வாசலில் பதிக்கிற பேவர் கல் போடும்போது ஐந்து சட்டி சிமெண்டில் ஒரு சட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இது. முகப் பவுடர் போல நைசாக இருந்தால் சிமெண்டோடு சேர்ந்து பிடிக்கும், குருணையாக இருந்தால் பின்னாளில் கல் வெடிக்கும். இன்ஜினியரிங் காலேஜில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். கல் யார்டுக்காரர்கள் பாதிப் பேர் டீயும் வடையும் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். நான் கடைசி வரை இருந்தேன்.

இவர்: "மாரி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு." கல்யாணம் ஆனதிலிருந்து சொல்கிறார், இன்னும் ஒன்றும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

மூக்கு வாயெல்லாம் ஈரத்துண்டு கட்டி அரைப்பு. திரும்பத் திரும்ப அரைத்து, துணியில் சலித்து. சோலையைப் பார்த்தால் கொள்ளைக்காரன் மாதிரி.

நடுவில் ஒரு அம்மா தூக்குவாளியோடு: "ஏத்தா, கொஞ்சம் மல்லி அரைச்சுத் தருவியா?" ஐயோ சாமி! ஓடிப்போய் மறித்தேன். உடனே போர்டு எழுதி மாட்டினேன்: இங்கே மிளகாய், மல்லி, மாவு அரைக்கப்படாது. கண்ணாடி மட்டும். போர்டைப் படித்த இன்னொரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்குத்தா குடுக்கப் போற? மாமியாருக்கா?"

சாயங்காலம் பாண்டியம்மா மதினி போன். இவருடைய அக்கா. எம்.ரெட்டியபட்டியில் புது வீடு, வைகாசியில் பால் காய்ச்சு. வாசல் முழுக்க 'தம்பி கல்லு'தான் பதிக்கணுமாம். தம்பி கல்லு! கலவைக் கணக்கு நான், நனைப்பது நான், லோடு ஏற்றிவிடுவது நான். பேர் மட்டும் தம்பிக்கு. பத்திக்கொண்டு வந்தது. "சரி மதினி" என்றேன். பிறகு கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன்.

"கண்ணாடியா? ஏ கூறுகெட்டவளே, வாரவுக காலெல்லாம் கிழியவா? நாங்க வாசல்ல செருப்புப் போட மாட்டோம், தெரியும்ல?"

ஏப்ரல் 8, திங்கள்

காரியாபட்டி ஜூஸ் கடையிலிருந்து ஒரு லோடு பாட்டில். எல்லாம் சர்பத் பாட்டில். "கழுவணுமாக்கா?" என்றான் சோலை. லாரித் தண்ணீர் தொட்டியில் முழங்கால் அளவு. "அரைக்கத்தானே போறோம், கழுவிப் பொட்டா வைக்கப் போறோம்?" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

முதல் கல் போட்டாச்சு. வெள்ளை வெளேரென்று அழகு.

வாங்க: எண்ணெய், சின்னவளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், சாக்கு ஊசி.

ஏப்ரல் 10, புதன்

கல் இறுகவே இல்லை. கையில் எடுத்தால் உதிர்கிறது. இவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "உப்புமா நல்லாருக்கு. தொட்டுக்க என்ன?" சோலை முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறான். எனக்கு அழுகை முட்டியது. சிமெண்ட் பழசோ, மாவு கூடிப்போச்சோ, ஒன்றும் விளங்கவில்லை.

நாலு மணிக்கு நனைக்கப் போனால் கல் அடுக்கு நெடுக எறும்பு. சாரை சாரையாக. சாதாரணக் கல் பக்கம் ஒன்றுகூட இல்லை, கண்ணாடிக் கல்லில் மட்டும். கல்லுக்கு எதற்கு எறும்பு? ஒரு நிமிஷம் நின்றேன். ஓடிப்போய் மிச்சமிருந்த பாட்டிலை மோந்தால் நன்னாரி வாசம். அடிப்பாவி! சீனிப்பாகு! சிமெண்டில் துளி சீனி விழுந்தாலே பிடிக்காது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்வேனே. யார்டுக்குள் டீ கிளாஸ் கொண்டு வராதே என்று கத்துகிறவளே நான்தான். நான் ஒரு லோடு சர்பத்தைக் கொட்டியிருக்கிறேன்.

கோபமா சந்தோஷமா என்றே தெரியாமல் சிரித்தேன். குற்றம் கண்ணாடியில் இல்லை!

ஏப்ரல் 13, சனி

பாட்டிலுக்கெல்லாம் இரண்டு அலசு. முதல் தண்ணீர் வேலி ஓரம், எறும்புக்கு விருந்து. நாளைக்குச் சித்திரை ஒன்று, கல் போட வேண்டாம் என்றார் இவர். பாயசம் வைக்கலாம் என்றார். சீனியை அளந்து போடு என்றும் சொன்னார். போய்யா.

ஏப்ரல் 15, திங்கள்

இரண்டாம் தடவை. மதினி வாசலுக்கு வேண்டியது முழுக்க இதிலேயே போட்டுவிட்டேன். இனி வேறு கல் போட்டுக் காயவைக்க நாளும் இல்லை. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தா பாரு மாரி. காலேஜுல டெஸ்ட்டு பாஸாச்சுன்னா அக்கா வீட்டுக்கு. இல்லையா, மில்லு பழைய இரும்புக்கு. அக்கா மண்ணு வாசல்ல பால் காய்ச்சட்டும், நீயே போய்ச் சொல்லிக்க."

"சொல்றேன்."

வாய் சொல்லிவிட்டது.

ஏப்ரல் 22, திங்கள்

கல் இறுகிவிட்டது, தட்டினால் கணீர். ஆனால் காலேஜில் முதல் டெஸ்ட்டில் நம் சாதாரணக் கல்லைவிடக் குறைவு. கணிசமாகவே குறைவு. லேப் சார், "கண்ணாடி நிதானமாத்தாம்மா பிடிக்கும். விடாம நனைங்க, அடுத்த மாசம் வாங்க." திரும்பும்போது பஸ்ஸில் இவர் போனில் பழைய இரும்புக் கடைக்காரர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை.

தொட்டி பாதி. குளிக்கிற தண்ணீரில் ஒரு வாளி குறைத்துக் கல்லுக்கு. சின்னவள்: "அம்மாவுக்கு எங்களவிடக் கல்லுதான் முக்கியம்." இந்த மாதம், ஆமாம்.

மே 4, சனி

மழை! திருச்சுழிப் பக்கமிருந்து கறுத்து வந்து அரை மணி நேரம் ஊற்றியது. எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் கல் மேல் கிடந்த தார்ப்பாயை உருவிவிட ஓடினேன். நல்லா நனைங்கடா ராசா. காசில்லாத தண்ணீர்.

மே 13, திங்கள்

டெஸ்ட். கல்லை மெஷின் வாய்க்குள் வைத்து அழுத்துகிறார்கள். நம்பர் ஏறுகிறது. சாதாரணக் கல் உடைகிற இடம் வந்தது. தாண்டியது. இன்னும் ஏறுகிறது. என் கையை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள், பார்த்தால் இவர்! அத்தனை பேர் முன்னால்! அப்புறம் டமார்.

லேப் சார் சிரித்தார். இவர் நம்பவில்லை. "சார், இன்னொண்ணு வச்சுப் பாருங்களேன்." அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

வெளியே வந்து கரும்பு ஜூஸ். "கிளாஸை யார்டுக்குக் கொண்டாந்துராத" என்றார்.

மே 16, வியாழன்

டெஸ்ட் பேப்பரைக் காட்டினால் மதினி மதிப்பாரா? "எனக்கு எழுத்து வேணாம். கல்லக் காட்டு" என்று ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கிவிட்டார். இடுப்பில் செருகியிருந்த நல்ல சேலை முந்தியை எடுத்து, கல் மேல் பரபரவென்று தேய்த்தார். கரையை, ஜரிகையை, ஓரத்தை. பதறிவிட்டேன். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர், நூல் எழும்பினால்தான் அவருக்குக் குற்றம். முந்தியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒரு இழை எழும்பவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுக்கு மேல் ஏறி நடந்தார்.

"ம். ஏத்திவிடு."

அவ்வளவுதான். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 7, வெள்ளி

பால் காய்ச்சு. விடிகாலை ஆட்டோ. பந்தல், மைக் செட், வாசல் நிறையக் கல். கழுவிவிட்டு ஈரத்தில் லேசாக மினுங்குகிறது. ஊர் முழுக்க வெறுங்காலில் நடக்கிறார்கள், எனக்கு யார் முகமும் தெரியவில்லை, கால்தான் தெரிகிறது.

பந்தி நடுவில் இவர் என் பக்கம் வந்து குனிந்து, முகம் வெளுத்து, "மாரி... எறும்பு." பார்த்தேன். வாசல் கல்லில் சாரை சாரையாக. கிட்டே போய் விரலால் தொட்டேன். பாயசம். எந்தப் பிள்ளையோ டம்ளரோடு விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் பந்தலுக்குப் பின்னால் போய்ச் சிரித்த சிரிப்பு!

திரும்பி வந்தால் சம்பந்தக்காரர் ஒருவர் காலால் கல்லைத் தட்டிப் பார்த்து, "ஏம்மா பாண்டியம்மா, தம்பி கல்லா? நல்லாருக்கே" என்கிறார்.

மதினி கரண்டியைக் கீழே வைக்காமலே: "தம்பிக்கு என்ன தெரியும்? இது எங்க மாரி கல்லு. கண்ணாடி அரைச்சுப் போட்டது. சேலையத் தேச்சுப் பாருங்க, நூலு எந்திரிச்சா என்னக் கேளுங்க."

தம்பி என்னைப் பார்த்துக் கும்பிடு போடுகிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து, பாயசத்தைத் துடைக்கத் துணி தேடினேன்.