கிழக்கு இடப்பக்கம்

ஜூலை 21
மூன்று வகுப்பு. தொண்டை கட்டிவிட்டது. தீசிஸ் கொடுக்க இன்னும் பதினேழு நாள். வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருஷம் இழுத்தாயிற்று. இனி நீட்டிப்புக் கிடையாது.

இவர் கேட்டார்: "ஏட்டி, அந்த வளையத்துல அப்படி என்னதான் இருக்கு?"

ஒரு விண்மீன்திரள். அதன் குறுக்கே செங்குத்தாக ஒரு வளையம். வளையத்தில் நட்சத்திரங்கள் ஒரு திசையில் சுற்றுகின்றன, வாயு எதிர்த்திசையில். அப்படியென்றால் இரண்டும் வேறு வேறு காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. இந்த வளையத்தைப் பற்றி இப்படி யாரும் சொன்னதில்லை, நான்தான் முதலில் என்றேன். "சரி சரி, சோத்தப் போடு" என்றார்.

ஜூலை 24
நட்சத்திரங்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன என்று காட்டும் படம் என்னுடையது. வாயுவுக்கான படம் ஜஸீமா கொடுத்தது — கடையநல்லூர்ப் பெண், இதே கைடிடம் எனக்கு ஜூனியர். இன்றைக்குத்தான் இரண்டையும் அருகருகே வைத்தேன். ஓரத்தில் ஒரு மங்கல் நட்சத்திரம். அவள் படத்தில் இடப்பக்கம். என் படத்தில் வலப்பக்கம்.

வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம் வர வேண்டும். அண்ணாந்து பார்க்கிறோம் இல்லையா. நான் பூமி மேப் மாதிரி வலப்பக்கம் வைத்திருக்கிறேன். வளையமோ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. படத்தைத் திருப்பிப் போட்டால் நட்சத்திரமும் வாயுவும் ஒரே திசைதான். எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தீசிஸே இல்லை.

அடிப் பாவி! ஏழு வருஷத்துல ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?

ஜூலை 25
ஜஸீமாவிடம் போனில் சொன்னேன். "யக்கா, யாரு திருப்பிப் பாக்கப் போறா? பேசாமக் கொடுத்துட்டு வாங்க" என்றாள். அவள்தான் அழுதாள்.

ஜூலை 28
கொடுத்துவிடலாமா?

ஜூலை 31
கைடுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பதில் ஒரே வரி: புதிய முடிவு இல்லாமல் ஏற்க முடியாது.

ஆகஸ்ட் 7
கெடு முடிந்தது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நல்லது செய்தோம் என்ற நினைப்பு துளிகூட வரவில்லை.

டிசம்பர் 12
ஜஸீமா அதே வளையத்தைச் சரியான படத்தோடு சின்னக் கட்டுரையாக எழுதியிருக்கிறாள். அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பினாள். கடைசியில், பிழையைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு நன்றி — 'டாக்டர் யோகலட்சுமி' என்று. பாசத்தில் போட்டாளோ, கைப்பழக்கத்தில் போட்டாளோ. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, முதல் சொல்லை எடுத்துவிடச் சொல்லி மெயில் அனுப்பினேன்.