வளையலுக்கு முன்னே வந்தவன்

புதன், இரவு.

சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து சித்தி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு. "ஏட்டி, வளையல் என்ன அளவு? கை வீங்கியிருக்கும்ல?"

பிள்ளை போன வாரமே பிறந்துவிட்டான். மாதம் நிறையவில்லை; இங்கே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடக்கிறான். எடை கூடும்வரை எஸ்டேட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்கிறாள் அம்மா. "காய்ச்சல், தள்ளி வச்சாச்சுன்னு சொல்லு" என்று பக்கத்தில் நின்று முணுமுணுத்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் இன்று காலை என் கண்ணெதிரே அவன் தும்மினான். அத்தனை சிறிய உடம்பிலிருந்து ஒரு முழுத் தும்மல். அவனை இன்னும் பிறக்காதவன் என்று எப்படிச் சொல்ல?

"பிறந்துட்டான் சித்தி."



"அம்புட்டு அவசரமா தொரைக்கு? வளையல் போடக்கூட விடலையே." சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இதற்குள் எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரிந்திருக்கும். நாளையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். பிள்ளை எப்படி இருக்கான் என்று கேட்பார்கள். அம்மா எதற்குப் பயந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது. தினமும் கேட்பார்கள். ஏதாவது ஒரு நாள் நான் அவர்களிடம்... இல்லை, அதை எழுத மாட்டேன்.