நீ குத்தாத பக்கம்

உன் பேருக்குப் பூத் சிலிப் வந்தது, நைனா. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பட்டியலிலிருந்து உன்னை எடுக்கச் சொல்லி நான்தான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. சிலிப் கொண்டு வந்த டீச்சரம்மா புதுசு. "ஐயா ஊட்ல இல்லியா?" என்று கேட்டார். "கட்சி வேலையா மேல போயிருக்காரு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஓட்டுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றேன். அதற்குக் காரணம் நீ. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் பிறந்து பதினொரு மாதம் எனக்குப் பெயர் கிடையாது. தலைவர் வாயால்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் பெயர் கேட்டதற்கு அம்மா, "தலைவரு வந்தாதான் தெரியும்" என்றாளாம். பொன்னேரியில் பொதுக்கூட்டம் என்றதும் கட்சி நிறத்தில் எனக்குச் சட்டை தைத்துப் போட்டு, நாலு மணி நேரம் வெயிலில் தூக்கிக்கொண்டு நின்றாய். தலைவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயரையே எனக்கும் வைத்துவிட்டு டீயைக் குடித்தார். இது அம்மா சொன்ன கதை. நீ சொல்லும் கதையில் அவர் என்னைத் தூக்கிக் கொஞ்சுவார்.

அதோடு விட்டாயா? நான் ஆறாவது படிக்கும்போது கட்சி உடைந்தது. நீ பிரிந்து போனவர்கள் பின்னால் போனாய். பழைய தலைவர் துரோகி ஆனார், அவர் வைத்த பெயரும் ஆகாததாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கே வந்து ஹெட்மிஸ்ட்ரஸ் எதிரில் நின்றாய்.

"பொண்ணு பேர மாத்தணும் டீச்சர்."

"இன்னாத்துக்கு?"

"கொள்கை வேறுபாடு."

அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள் என்னைக் "கொள்கை, கொள்கை" என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் மாறவில்லை. ஆனால் சாகிற வரைக்கும் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, "ஏ பொண்ணு"தான். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

இந்த லட்சணத்தில் உனக்கு உன் அப்பாவைப் பார்த்தால் இளக்காரம். தாத்தா நெல் வயலில் கூலிக்கு நின்றவர். நிலத்துக்காரர் எந்தச் சின்னத்தைக் காட்டினாரோ அதில் குத்திவிட்டு வருவார். "எங்கப்பன் மண்ணாங்கட்டி. அவுரு கைய காட்டுனா போயி குத்திட்டு வந்துருவான். எனக்கு சொந்த புத்தி கீது" என்பாய். சொந்தப் புத்தியாம்! நிலத்துக்காரர் ஒரு கட்சி என்பதால் நீ அதற்கு எதிர்க்கட்சி. அவ்வளவுதானே உன் புத்தி? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் சேர்ந்த முதல் வாரமே சங்கக் கொடியைத் தூக்கினாய். அது என்ன சங்கம் என்று கேட்டால், "நம்மாளுங்கது" என்பாய்.

ஓட்டுப் போடும் நாளில் நம் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லோரும் தலைக்குக் குளிக்க வேண்டும். ஓட்டுப் போடாமல் நாஷ்டா கிடையாது. போட்டுவிட்டு வந்ததும் வாசலில் வரிசையாக நிறுத்தி விரல் மையைப் பார்ப்பாய். "எதுல குத்துன?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாய். அம்மா உன் சின்னத்தைச் சொன்ன பிறகுதான் அவளை அடுப்பங்கரைக்கு விடுவாய். ஊரே ரகசியமாகப் போடும் ஓட்டை நாங்கள் மட்டும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒப்பித்தோம்.

என் முதல் ஓட்டு அன்றைக்கு அந்த வரிசையில் நின்று எதிர்க்கட்சிச் சின்னத்தைச் சொன்னேன். அடிப்பாய் என்று நினைத்தேன். நீ நேராகப் பூத்துக்குத் திரும்பிப் போய், "என் பொண்ணு தெரியாம மாத்தி குத்திட்டா சார், அத்த எடுத்துட்டு வேற சீட்டு குடுங்க" என்று அதிகாரியிடம் சண்டை போட்டாய். போலீஸ்காரர் உன் கையைப் பிடித்து வெளியில் கொண்டு வந்து விட்டார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து நீ குத்தாத பக்கம்தான் என் பக்கம். கல்யாணமாகி கவரப்பேட்டைக்கு வந்த பிறகும் தேர்தல் வந்தால் உனக்குப் போன் போட்டு, "இந்த தபா எதுக்கு நைனா?" என்று கேட்டுக்கொள்வேன். அம்மா போன பிறகு நீ என் வீட்டுக்கே வந்து, ஓட்டையும் இங்கே மாற்றிக்கொண்டதும் நேரிலேயே கேட்டேன். மகள் திருந்திவிட்டாள் என்று பெருமையாகச் சொல்வாய். ஒரு முறை கூட்டணி மாறி, நான் போட்ட கட்சியும் உன் கட்சியும் ஒன்று சேர்ந்தன. யோசிக்காமல் மூன்றாவது கட்சிக்குத் தாவினேன். நிற்பவர் யார், என்ன செய்வார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால், எனக்கும் சொந்தப் புத்தி இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

உன் பேத்திக்கு இதுதான் முதல் ஓட்டு. செல்போன் கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள் உன் சிலிப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீ எதுக்கும்மா போடுவ?"

"உங்க தாத்தா எதுக்குப் போடுவாரோ, அதுக்கு எதிரா."

"அவருதான் பூட்டாரே. இப்ப இன்னா பண்ணுவ?"

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஓட்டாவது நான் போட்டேனா, நைனா? உன் ஓட்டை உன் கட்சிக்கும், என் ஓட்டை எதிர்க்கட்சிக்கும் நீயேதான் போட்டிருக்கிறாய். தாத்தாவையும் உன்னையும் மண்ணாங்கட்டி என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அசிங்கமாக இருந்தது.

அந்த ஒரு வாரம் ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொருவனையும் நிறுத்தி, எங்கள் தெருக் குழாயில் துரு நிறத்தில் வரும் தண்ணீருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். ஒருவன் கும்பிட்டான், ஒருவன் நோட்டீஸ் கொடுத்தான், ஒருவன் மட்டும் நின்று பதில் சொன்னான்.

நேற்று மெஷின் முன்னால் நின்று எல்லாப் பெயரையும் மேலிருந்து கீழே படித்தேன். "இன்னாம்மா, பரிச்சையா எழுதற? லைன் நிக்குது பாரு" என்று அதிகாரி குரல் கொடுத்தார். கடைசிப் பெயரையும் படித்த பிறகுதான் அமுக்கினேன்.

வீட்டுக்கு வந்தால் உன் பேத்தி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள், "எதுல குத்துன?"

"சொல்ல மாட்டேன்."

"ஏம்மா?"

"சொன்னா நீ அதுக்கே போடுவ, இல்லாங்காட்டி வேணும்னே மாத்தி போடுவ. ரெண்டும் நான் போட்டதாத்தான் ஆவும். போயி போட்டுக்கினு வா. வந்து எங்கிட்ட சொல்லாத."

முறைத்துவிட்டுப் போனாள். மை வைத்த விரலோடு திரும்பி வந்து தோசை கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன். கேட்டுவிடலாமா என்று நாக்கு துடித்தது, உன் ரத்தம் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு சட்னியை வைத்தேன்.

உன்மேல் இருக்கிற வெறுப்பு போய்விட்டது என்று நினைக்காதே. அது என்னோடுதான் இருக்கிறது, நான் போகிற வரைக்கும் இருக்கும். அதைக் கேட்டு இனி ஓட்டுப் போட மாட்டேன், அவ்வளவுதான். இப்போது நீ எதிரில் வந்து நின்று, "ஏ பொண்ணு, எதுல குத்துன?" என்றாலும் சொல்ல மாட்டேன். உன் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொண்டு அங்கேயே கிட.