தாழ்ப்பாள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது

பாப்பா,

எனக்கு இன்று வார்டில் காலை ஷிப்ட், கிளம்பிவிட்டேன். ரொட்டியும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். முந்தாநாள் மாதிரி தட்டை அப்படியே வெளியே தள்ளி வைக்காதே.

நேற்று செய்தது என் தப்புதான். தொற்று வார்டிலிருந்து வருகிறவள் என்பதால் உன் அறைக்குள் நான் வருவதில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு இரண்டு தரம் தட்டுவேன், நீ உள்ளேயிருந்து ஒரு தரம் தட்டுவாய். நம் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். நேற்று பத்து நிமிஷம் தட்டியும் சத்தமே இல்லை. "எதுக்கும்மா தினமும் எழுந்திரிக்கணும்?" என்று போன வாரம் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாயே, அது ஞாபகம் வந்துவிட்டது. தாழ்ப்பாள் பிய்ந்துபோகக் கதவை இடித்துத் திறந்துவிட்டேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் டீச்சர்கள் பார்க்க வாய்மொழித் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாய்... எழுதி இல்லை, சொல்லிக்கொண்டிருப்பாய் என்று எனக்கெப்படித் தெரியும்?

"எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டியேம்மா!" என்றாய். வாங்கிவிட்டேன்தான்.

புதுத் தாழ்ப்பாளும் ஸ்க்ரூ டிரைவரும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கின்றன. நீயே மாட்டிக்கொள். நான் தட்டினால் மட்டும் பதிலுக்குத் தட்டு.

எங்கள் ஆஸ்பத்திரி மனநல டாக்டர் போனிலேயே பேசுகிறார். நம்பர் தட்டுக்கு அடியில். என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல்.

அம்மா

இன்னொன்று. "ஏன் மரமாட்டம் நிக்கிறே, போ!" என்று கத்தினாய் அல்லவா? பதினேழு நாளைக்கு அப்புறம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.