கொலைகாரன் யாரென்று நேரில் சொல்கிறேன்

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரேமினி அப்பாவுக்கு,

டோரீன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் மகளும் சுகம். கட்டாரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் கொஞ்சிக் கெஞ்சி என் வாயைப் பிடுங்கிவிடுவீர்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற பிரதாப் தம்பியிடம் தேயிலையோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாணமான புதிதில் ஹட்டன் தியேட்டரில் பார்த்தோமே, அந்தப் பழைய துப்பறியும் படம் நினைவிருக்கிறதா? நாடக மேடையில் ராஜா வேஷக்காரன் கோப்பையைக் குடித்துவிட்டுச் சாய்கிறான். சனம் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டுகிறது. அவனோ நிஜமாகவே செத்துக் கிடக்கிறான். துப்பறிகிறவர் எல்லாரையும் அதே இடத்தில் உட்காரவைத்து, நாடகத்தைத் திரும்ப நடத்தச் சொல்லி, "கொலைகாரன் இங்கேதான் இருக்கிறான்" என்று கையை நீட்டப் போகிறார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினீர்களே! கடைசி பஸ்ஸாம்! கடைசி பஸ்ஸுக்கு ஓடியே பழகிய நம் தோட்டத்தில் எந்தப் படத்துக்குத்தான் முடிவு தெரியும்? மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆளுக்கொரு முடிவு சொல்லித்தானே கொழுந்தெடுக்கப் போவோம்.

அன்றைக்கு பஸ்ஸிலேயே நமக்குச் சண்டை. ஆர்மோனியக்காரன் என்றீர்கள், நான் திரை இழுக்கிறவன் என்றேன். தோற்றவர் ஆயுசுக்கும் காலைத் தேத்தண்ணி போட வேண்டும் என்று பந்தயம். முடிவு தெரியாமல் நீங்கள் ஒரு நாள், நான் ஒரு நாள் என்று போட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் போனதிலிருந்து தினமும் நான்தான்.

இன்றைக்கு மாதா கோயில் திருவிழாவுக்கு நம் தோட்டத்து மண்டபத்தில் ஜெயகாந்தன் மாஸ்டர் அதே படத்தைப் போட்டார். கண்டியில் யாரோ வைத்திருந்த கேசட்டிலிருந்து எடுத்ததாம். இன்டர்நெட்டில் தேடினாலும் கிடைக்காதாம், நீங்கள் சிரமப்பட வேண்டாம். ஜன்னலெல்லாம் கொழுந்துச் சாக்கைக் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டார்கள்.

துப்பறிகிறவர் கையை நீட்டுகிற கட்டம் வந்தது. பாதிச் சனம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டது! நானும் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். லெட்சுமி அக்காதான், "எங்கடி ஓடுறீங்க, நம்ம லயத்து வீடு அந்தா தெரியுது, உக்காந்து பாருங்க!" என்று கத்தினார். பிறகு மண்டபமே சிரித்த சிரிப்பில் மாஸ்டர் படத்தை நிறுத்தித் திரும்பப் போட வேண்டியதாகிவிட்டது.

முடிவைப் பார்த்தேன். கொலைகாரனைப் பிடித்ததும் எல்லாரும் விசிலடித்தார்கள். நானும் துள்ளினேன். துள்ளி, "பாத்தீங்களா!" என்று பக்கத்தில் திரும்பினால் நாற்காலியில் என் குடை மட்டும்தான் இருந்தது. அழுதுவிட்டேன். பிரேமினி, "கொலகாரனுக்கா அழுவுறீங்க அம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சின்னத்தம்பி கங்காணிக்குப் போன் போட்டு முடிவைக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். மாதா சுரூபத்தின் முன்னால் எல்லாரிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். "அந்தாளு வந்து கேக்கட்டும், சொல்றோம்" என்று கங்காணியே சொல்லிவிட்டார்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாகப் போன வாரம் சொன்னீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டாள். எங்களுக்கு இது போதுங்க. கையெழுத்துப் போடாதீர்கள்.

கொலைகாரன் யாரென்று நம் அடுப்படியில் உட்கார்ந்தால்தான் சொல்வேன். ஆர்மோனியக்காரனோ, திரை இழுக்கிறவனோ, நீங்கள் வந்து இறங்குகிற அன்றைக்குக் காலைத் தேத்தண்ணியை நானே போடுகிறேன். தோற்றதால்தான் போடுகிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதா உங்களைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவரட்டும். இந்தத் தடவை கடைசி பஸ்ஸாக இருந்தாலும் பரவாயில்லை, ஏறி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி,
டோரீன்