முள் நடுவில் நிற்க வேண்டும்

மார்ச் 3, திங்கள்

இன்று நடுச்சாலையில் என் மானம் ஆவியாகப் போனது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜ ஆவி. சிக்னலில் நின்ற காரின் பானெட் ஓரமெல்லாம் புகைந்தது. இறங்கித் திறந்து, எல்லாம் தெரிந்தவன் போல இடுப்பில் கை வைத்து உள்ளே பார்த்தேன். புரிந்தது ஒன்றுதான்: சுடுகிறது. பின்னால் ஸ்கூட்டரில் இருந்த ஆள், "என்ன டாக்டர், உயிர் இருக்கா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆறவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி வீடு வந்து சேர்ந்தேன். கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்த்துவிட்டு வந்த உடம்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நின்றுகொண்டே தூங்கியிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது! தூரத்து மலையூர். எழுந்து நடக்க முடியாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் எடுப்பார்களாம். பதினேழாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். புது வண்டிக்கு வழியில்லை. சாப்பிட்டுக்கொண்டே மூவரும் ஜன்னல் வழியாக எங்கள் காரைப் பார்த்தோம். மகளைவிட நான்கு வயதுதான் சின்னது.

"அது மலை ஏறுமாப்பா?"

"மாடிப்படி ஏறச் சொன்னாலும் ஏறும்."

"சிக்னலையே தாண்டல, மாடிப்படி ஏறுதாம்" என்றாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்

வேலை விட்டு வந்ததும் காருக்கடியில். ஆயில் சரியாக இருக்கிறது. டயரில் காற்று சரி. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். இஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்டை ஊற்றினேன் - அது மாதம் தவறாமல் செய்வதுதான். அப்புறம் ஏன் கொதிக்கிறது? நான் என்னதான் குறை வைத்தேன்?

முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே, "கார் இருமினா எந்திரிச்சு ஓடுறீங்க. நான் இருமினா புரண்டு படுக்குறீங்க" என்றாள்.  நான் புரண்டு படுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அசதி.

மார்ச் 8, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில். கண்ணாடியில் தூசு என்று வைப்பர் தண்ணீரை அடித்தாள். பச்சையாகப் பீய்ச்சியது.

"அப்பா, இது ஏன் பச்சையா வருது?"

"பழைய வண்டி. அப்படித்தான் வரும்."

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தாள். "கூலண்ட எதுல ஊத்துவீங்க?" காட்டினேன். அந்த மூடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். சின்னதாக ஒரு படம்: கண்ணாடி, வைப்பர், தண்ணீர். போன வருடம் கூலண்ட் தொட்டி, வைப்பர் தண்ணீர்த் தொட்டி இரண்டையும் புதிதாக மாற்றியிருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் அடுத்தடுத்து. அதிலிருந்து கண்ணாடிக்குக் கூலண்ட், இஞ்சினுக்குப் பட்டினி.

சாலையோரத்தில் உட்கார்ந்தேவிட்டாள் சிரித்து. "உலகத்துலயே இவ்வளவு காஸ்ட்லியா கண்ணாடி கழுவுற ஆள் நீங்கதாம்பா."

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக்கிடம் விட்டேன். அவனுக்கு எல்லாரும் மாப்ள, என் மாமனார் உட்பட. விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இஞ்சின் பொழச்சுக்கிச்சு மாப்ள. உங்கிட்ட மாட்டிக்கிட்டு உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடியிருக்கு." ரேடியேட்டரை அலசினான். வெடித்த ஹோஸ் பைப்பையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினான். "ஒரு மேட்டுல ஏத்திப் பாரு. மீட்டர்ல சூட்டக் காட்டுற முள்ளு நடுவுல நின்னா பொண்ண தைரியமா அனுப்பு. செவப்புப் பக்கம் போச்சுன்னா இந்த வண்டிய நம்பாத."

மார்ச் 12, புதன்

வீட்டில் இப்போது யாரும் மகள் 'போனால்' என்பதில்லை. 'போனதும்' என்கிறார்கள். என்றைக்கு மாறியது? நான் தூங்கிக்கொண்டிருந்தபோதா?

மார்ச் 16, ஞாயிறு

ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுப் பாதை. மகள் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் மனைவி, இரண்டு தண்ணீர்க் கேன்களோடு - தீயணைப்பு வண்டி மாதிரி.

"முள்ளப் பாத்துக்கோங்கப்பா."

"அதத்தானே பாக்குறேன்."

கடைசி வளைவில் முன்னால் ஒரு லாரி திணறி உறுமிக்கொண்டே ஏறியது. முதல் கியரில் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். முள் லேசாக ஆடியது. மறுபடி நடுவுக்கே வந்து நின்றுவிட்டது.

உச்சியில் இறங்கி மூவரும் காற்று வாங்கினோம். "பரவால்ல, எம் புருஷன் ஒரு வேலைய உருப்படியா முடிச்சிட்டாரு" என்றாள் மனைவி.

"முடிச்சது உம்பொண்ணு."

மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒத்துக்கட்டுமாப்பா?"

"சூட்டுல ரேடியேட்டர் மூடியத் தொறக்காத. வாரா வாரம் தொட்டியப் பாரு. சரியான தொட்டிய."

சிரித்துக்கொண்டே அங்கேயே பதில் அனுப்பினாள். அவள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நான் டயரை ஒரு தரம் உதைத்துப் பார்த்தேன், வேறு என்ன செய்ய?

இறங்கி வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். "பாவம், அசந்துட்டாரு" என்றாள் மனைவி. நான் தூங்கவில்லை. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும், சிவப்புக்குப் போ, சிவப்புக்குப் போ என்று அந்த முள்ளிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன் என்பதை மட்டும் மகளிடம் சொல்லவில்லை.