இருவர் உட்காரும் கயாக்

செல்லக்கனிக்கு,

வலது கையில் கட்டுப் பிரித்துவிட்டார்களா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஏரிக்குப் போவதைப் பற்றியே எழுத வருகிறது. புரட்டாசிக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன், மலைக்காட்டு ஏரியில் ஆளுக்கொரு கயாக், கரையில் கூடாரம், மெஷின் சத்தமே இல்லாத இரண்டு நாள் என்று ஹாஸ்டல் மாடியில் திட்டம் போட்டோமே. "கடக்கரையில பொறந்தவளுக்குத் துடுப்புப் போடச் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?" என்று சிரித்தாய்.

நேற்று படகுக்காரரிடம் போனில், இருவர் உட்காரும் கயாக் ஒன்று போதும் என்றேன்.

"ரெண்டு பேரும் துடுப்புப் போடுவீங்கதான மேடம்?"

"இல்லண்ணா, நான் மட்டும்தான்."

உன் கைமேல் இறங்கிய பிரஸ் மெஷினில், கை உள்ளே இருந்தால் அதை நிறுத்தும் சென்சாரை நீயே அணைத்ததாக விசாரணையில் சொன்னேன். அதை வைத்துத்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அணைத்தது நான். டார்கெட் முடியாது என்று பயந்து அணைத்தேன். உன்னிடம் சொல்லாமல் டீ குடிக்கப் போனேன்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். மதியமே என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ வரமாட்டாய். தெரிந்தும் படகை ரத்து செய்ய மனம் வரவில்லை.

உன் பக்கத்துக் கட்டில்காரி